மழை விட்ட தோட்டத்தில் கேமரா: கேள்வி பதில்

மதிய மழை விட்டதும் கேமராவோடு தண்ணீர்மலைப் பூந்தோட்டத்துக்கோ வீட்டுக் கொல்லைக்கோ போய்விடுவேன். பினாங்கு நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணே, வெளியே போனதும் லென்ஸ் மங்கிவிடுகிறது. ஏன்? (ஆயர் ஈத்தாம்)

ஏர்கோன் அறையிலிருந்து எடுத்துப் போகிறீர்களா, தம்பி? குளிர்ந்த கண்ணாடியில் வெளியிலுள்ள ஈரக்காற்று படிகிறது. வானம் கறுக்கும்போதே கேமராவைப் பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள், அரை மணி நேரம் போதும். திரும்பி வந்ததும் ஈரத்தோடு பையில் பூட்டாதீர்கள். அப்படிப் பூஞ்சை பிடித்து ஒரு நல்ல லென்ஸை இழந்திருக்கிறேன்.

துளிக்குள் பூ தெரிகிற படம் எப்படி எடுப்பது? (ஜெலுத்தோங்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. துளியே ஒரு குட்டி லென்ஸ்தான். பின்னால் இருப்பதைத் தலைகீழாகக் காட்டும். இலைமேல் உட்கார்ந்த துளி வேண்டாம், புல் நுனியிலோ காம்பிலோ தொங்குவதைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் பூ இருக்க வேண்டும். ஃபோகஸ் துளியின் விளிம்பில் அல்ல, உள்ளே தெரியும் பூவில். ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திப் பிடியுங்கள். லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் 1/250 விநாடி, வெளிச்சம் போதாவிட்டால் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். போன வாரம் கறிவேப்பிலைக் காம்பில் ஒரு துளி, அதற்குள் நித்தியகல்யாணிப் பூ ஐந்து இதழும் தெளிவாகத் தெரிந்தது. ஓர் எறும்பு வந்து துளியில் வாய் வைத்தது. இரண்டே படம், துளி விழுந்துவிட்டது.

ஈர இலைகள் வெள்ளையாகப் பளபளக்கின்றன, பச்சையே தெரியவில்லை.

லென்ஸின் முன்னால் போலரைசர் ஃபில்டர், அதாவது பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி, போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள், பச்சை திரும்பிவிடும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). பளபளப்பை முழுக்க எடுத்துவிடாதீர்கள், அப்புறம் மழை பெய்ததே தெரியாது.

பூந்தோட்டத்தில் என்னென்ன பார்க்கலாம், அண்ணே? (பட்டர்வொர்த்)

1884இல் தொடங்கிய தோட்டம், மரங்களெல்லாம் ஓங்கி வளர்ந்தவை. மழை விட்டதும் லோத்தோங் குரங்குகள் கிளையில் உட்கார்ந்து உடம்பை உலர்த்தும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். கருத்த ரோமம் வெறும் நிழலாகிவிடாமல் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, சற்று ஏற்றுங்கள். ஈசல் கிளம்பினால் கொண்டைக்குருவிகள் பறந்து பறந்து பிடிக்கும், அங்கேயே நில்லுங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கையில் வேண்டாம், நீள்வால் குரங்கு பிடுங்கிவிடும். இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம்.

மகள் நத்தையைக் கையில் எடுத்துப் படம் பிடிக்கச் சொல்கிறாள். (பாயான் பாரு)

வேண்டாம், தங்கச்சி. பெரிய ஆப்பிரிக்க நத்தையில் எலி நுரையீரல் புழு இருக்கலாம், மூளைவரை போகக்கூடியது. தெரியாமல் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். படத்துக்குக் கேமராவைத் தரையோடு தரையாக வையுங்கள். நத்தை முதலில் கொம்பை இழுத்துக்கொள்ளும். அசையாமல் காத்திருந்தால் ஒன்று வெளியே வரும், பிறகு மற்றது. இரண்டு நுனியிலும் கண் கரும்புள்ளியாகத் தெரியும்போது மகளையே ஷட்டரை அழுத்தச் சொல்லுங்கள்.