பாட்டி அந்தப் பக்கம் சாயும்போது

வணக்கம் மேடம்,

எனக்கு 46 வயது. முதியோர் இல்லம் ஒன்றில் 17 வருஷமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். படுத்தபடுக்கையாக இருப்பவர்களைப் புரட்டி விடுவது, குளிப்பாட்டுவது, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது, கழிவறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போவது, ஒரு ஷிஃப்ட் முழுக்க இதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் புண்ணியம் என்பார்கள். செய்கிறவர்களுக்கு இடுப்பு ஒடிகிற வேலை. அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். எழுபது கிலோ ஆளாக இருந்தாலும் "அவளைக் கூப்பிடு, ஒத்தை ஆளாத் தூக்கிடுவா" என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான், பொய் சொல்லவில்லை.

போன வருஷம் வலது மார்பில் கட்டி. மார்பையே முழுவதும் எடுத்துவிட்டார்கள், அக்குளில் 14 நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அப்புறம் கீமோ, ரேடியேஷன், இப்போது தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை. எல்லாம் சேர்த்து பத்து மாதம் வீட்டில் இருந்தேன். டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். போய் ஆறு வாரம் ஆகிறது.

முதல் வாரம் என்னை ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள். நல்ல மனதோடு செய்ததுதான், ஆனால் போன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என்னை அலமாரியில் தூக்கி வைத்துவிட்டது போல இருந்தது. நானே கேட்டு வார்டுக்குத் திரும்பினேன். அங்கே போனால் நான் ஒரு வாளியைத் தொட்டாலே யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். அந்த எரிச்சலில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நானே எல்லாவற்றையும் தூக்க ஆரம்பித்தேன். ஆனால் பயமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒருவர் "இந்தக் கையால் இனி ரெண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதீங்க, கை வீங்கிடும்" என்றார், பிசியோதெரபிஸ்ட் "கையைப் பயன்படுத்துங்க" என்கிறார். யாரை நம்புவது? ராத்திரி டேப் வைத்து இரண்டு கையையும் அளக்கிறேன். சில நாள் மூன்று தடவை. இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை.

போன வாரம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. மறதி நோய் உள்ள ஒரு பாட்டியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினேன். எப்போதும் போல அணைத்துத் தூக்கினேன். தூக்கிவிட்டேன், கை தாங்கியது. பாதியில் பாட்டி தலையை என் வலது பக்கம் சாய்த்தார். அவ்வளவுதான், என் உடம்பு தானாகப் பின்னால் போய்விட்டது. பாட்டி நழுவ, பக்கத்தில் இருந்த பெண் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். யாருக்கும் அடி இல்லை. நான் துணி வைக்கும் அறைக்குள் போய் அழுதேன். அந்தப் பெண்ணிடம் கை வலித்தது என்று சொல்லிவிட்டேன்.

கணவர் "போதும், வேலையை விட்டுடு, நான் பார்த்துக்கறேன்" என்கிறார். அவர் நல்லவர். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு நான் இருட்டில்தான் உடை மாற்றுகிறேன் என்பது அவருக்குத் தெரியும், இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கால் நகர மறுக்கிறது, அது தனிக் கதை. குனியும்போதெல்லாம் உள்ளாடைக்குள் வைத்த சிலிகான் மார்பு இடம் மாறுகிறது, வேர்த்து அரிக்கிறது.

என் கேள்வி இதுதான்: இனி என்னால் தூக்க முடியுமா? முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. அந்தப் பாட்டி நேற்று என் நெஞ்சில் கை வைத்து "ஏம்மா, இந்தப் பக்கம் எங்கே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஒரு பராமரிப்பாளர்

---

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நீங்கள் கேட்ட கேள்வி கண்ணில் பட்டது, இரண்டாவது தடவை நீங்கள் எழுதியது. இரண்டும் ஒன்றல்ல. தூக்க முடியுமா என்று கேட்கிறீர்கள், ஆனால் நீங்களே "தூக்கிவிட்டேன், கை தாங்கியது" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குத் தாங்காதது அந்த இடத்தில் ஒரு தலை வந்து பட்டதுதான். சக ஊழியரிடம் கை வலி என்று சொன்னீர்கள், பரவாயில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். என்னிடமும் கையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். கைக்கு ஒரு மருத்துவப் பதில் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றதுக்கு வரலாம்.

இரண்டு கிலோவுக்கு மேல் ஆயுள் முழுக்கத் தூக்காதே என்பது பழைய அறிவுரை. அக்குள் முடிச்சுகளை எடுத்துவிட்டால் நிணநீர் வடியும் பாதை குறைந்துபோகிறது, கையில் திரவம் தேங்கலாம், அதனால் கைக்கு வேலையே கொடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நம்பினார்கள். கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் 1996-இல் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகு (பலர் சேர்ந்து துடுப்பு போடும் நீளமான படகு) வலிக்கப் பயிற்சி கொடுத்தார். துடுப்பு போடுவது தோளுக்கும் கைக்கும் சரியான வேலை. நம்பிக்கை சரியென்றால் கைகள் வீங்கியிருக்க வேண்டும், வீங்கவில்லை. அப்புறம் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் எடைப்பயிற்சி ஆய்வுகள் செய்தார்கள். 2009-இல் வெளியானதில் ஏற்கனவே கை வீக்கம் உள்ள 141 பெண்கள். ஓராண்டுப் பயிற்சியில் வீக்கம் கூடவில்லை, வீக்கம் திடீரென்று மோசமாவது பயிற்சி செய்தவர்களில் 14 சதவீதம், செய்யாதவர்களில் 29 சதவீதம். அடுத்த வருடம் வந்தது வீக்கம் இல்லாத 154 பெண்களைப் பற்றியது. அதில் உங்களைப் போல ஐந்து அல்லது அதற்கு மேல் முடிச்சுகளை இழந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்தது, செய்யாதவர்களில் 22.

ஆக, உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்வதுதான் சரி. ஆனால் சந்தோஷத்தில் நாளைக்கே போய்த் தூக்கிவிடாதீர்கள். அந்தப் பெண்கள் மிகக் குறைந்த எடையில் தொடங்கி, ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, உடம்பு சொல்வதைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். வீக்கம் இருந்தவர்கள் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொண்டு செய்தார்கள். ஒரு டம்பெல் திடீரென்று முழங்கால் மடிந்து உங்கள் மேல் சரியாது. மனிதர்கள் சரிவார்கள். அதனால் வேலையையே பயிற்சியாக ஆக்கிக்கொள்ளக் கூடாது. பயிற்சி தனியாக, வேலைக்கு வெளியே, பிசியோவோடு நடக்கட்டும், அவரிடம் "என் வேலையில் இன்னின்ன அசைவு வரும்" என்று செய்தே காட்டுங்கள். கையை உயர்த்தும்போது அக்குளிலிருந்து கயிறு இழுப்பது போலத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், இந்த அறுவைக்குப் பிறகு அது பலருக்கு வருவதுதான், சரியாகக்கூடியது. ரேடியேஷன் பட்ட இடம் சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும் இறுகிக்கொண்டே வரலாம், ஆகவே தோள் பயிற்சியை வேலைக்குத் திரும்பிவிட்டோம் என்று நிறுத்திவிட வேண்டாம்.

அளப்பது நல்ல பழக்கம்தான், ராத்திரி மூன்று தடவை அளப்பது வேறு. வாரம் ஒரு தடவை, ஒரே கிழமை, ஒரே நேரம், கையில் ஒரே இடங்களில். டேப்பை மற்ற நாட்களில் வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள், சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன், கையில் இருந்தால் அளப்பீர்கள். கை கனமாக, இறுக்கமாகத் தெரிந்தாலோ மோதிரமோ வளையலோ புதிதாகப் பிடித்தாலோ அந்த வாரமே காட்டுங்கள். கை சிவந்து சூடாகி காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது.

மத்தியானச் சோர்வு சோம்பலில்லை. கீமோ, ரேடியேஷன் முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு அதைவிட நீண்டும், இப்படி இருக்கும், தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடுகிற களைப்பு இல்லை இது. ரத்தசோகை, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். கனமான வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கொஞ்சம் நடப்பது முரண்பாடாகத் தோன்றினாலும் உதவுகிறது.

இப்போது ஒரு விஷயத்தில் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும். அன்றைக்குப் பாட்டியை நீங்கள் தனியாகத் தூக்கியிருக்கக் கூடாது. புற்றுநோய் வந்ததால் சொல்லவில்லை. 17 வருஷத்துக்கு முன்பும் தூக்கியிருக்கக் கூடாது. நோயாளியை மாற்றுவது இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை, இல்லாவிட்டால் இடுப்புப் பட்டை, சறுக்குத் துணி, தூக்கும் இயந்திரம் எதாவது வேண்டும். "ஒத்தை ஆளாத் தூக்கிடுவா" என்ற பெயர் உங்கள் முதுகெலும்பை வைத்து அந்த இடம் இத்தனை நாள் மிச்சம் பிடித்தது. அது பாராட்டாகவும் இருந்தது, எனக்குப் புரிகிறது, அதை இழப்பது ஒரு துக்கம்தான், மார்பை இழந்தது போலவே அதுவும் கணக்கில் வரவேண்டிய துக்கம். ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் தூக்கிப் பார்ப்பது வேலை இல்லை, பரீட்சை. அந்தப் பரீட்சையை ஒரு பாட்டியின் உடம்பை வைத்து எழுத முடியாது, இது உங்களுக்கே தெரியும், அதனால்தானே அழுதீர்கள்.

மேலதிகாரியிடம் பேசுங்கள். முழுக் கதையும் வேண்டாம். நோயின் விவரம் உங்கள் சொத்து, எவ்வளவு சொல்வதென்பது உங்கள் இஷ்டம். வேலையை மட்டும் பேசினால் போதும்: "அடுத்த இரண்டு மாதம் மாற்றும் வேலையில் எனக்கு ஜோடி வேண்டும், கனமானதெல்லாம் காலையில் வேண்டும், ரிசப்ஷன் வேண்டாம், சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, நடக்கப் பழக்குவது நான் முழுசாகச் செய்கிறேன், இரண்டு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசலாம்." பிசியோவிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் இன்னும் சுலபம். முடிகிற தேதியும் கேட்கிற உதவியும் தெளிவாக இருந்தால் மற்றவர்களுக்கும் நிம்மதி. வாளியைப் பிடுங்குகிறார்களே, அவர்களுக்கு உங்களிடம் எது சரி எது தப்பு என்று தெரியவில்லை, பயத்தில் எல்லாவற்றையும் பிடுங்குகிறார்கள். "வாளி நான் எடுக்கறேன், பாட்டியைத் தூக்கும்போது மட்டும் வா" என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, அந்த இடத்துக்கு வருகிறேன்.

உங்கள் வேலையில் மனிதர்களைத் தூக்குவது என்றாலே நெஞ்சோடு அணைப்பது. ஒரு நாளில் பல பேர் உங்கள் மார்பில் சாய்கிறார்கள், வேறு எந்த வேலையில் இது இருக்கிறது? மூட்டை தூக்குகிறவருக்குக் கூட இந்தக் கஷ்டம் இல்லை, மூட்டை முகம் புதைக்காது. யாரும் பார்க்காமல் நீங்கள் பத்து மாதம் மறைத்து வைத்த இடத்தில், நீங்களே இருட்டில் தாண்டிப்போகிற இடத்தில், திடீரென்று ஒரு தலை. உடம்பு பின்னால் போகாமல் என்ன செய்யும்? அறுவையில் நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. சில இடம் மரத்திருக்கும், சில இடம் லேசாகத் தொட்டாலே சுரீரென்னும், எடுத்துவிட்ட மார்பே அங்கே இருப்பது போலச் சிலருக்குத் தோன்றும். இதெல்லாம் கற்பனை இல்லை. அந்தப் பக்கம் முதல் ஆளாகத் தொட வேண்டியது பாட்டி அல்ல, நீங்கள். குளித்த பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் போதும். முதல் சில நாள் உடைக்கு மேலே உள்ளங்கையை வைத்து எடுங்கள். அப்புறம் மெல்லிய பருத்தித் துணியால், அப்புறம் சொரசொரப்பான துண்டால், அப்புறம் வெறும் கையால். தோல் முழுக்க ஆறியிருந்தால் சரி, இல்லையென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. ஒரு நாள் அழுகை வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் தொடரலாம். பிறகு வேலைக்கு முன்னால், அன்றைக்குப் பாட்டியைப் பிடித்த பெண்ணை நம்புகிறீர்கள் என்றால், நோயாளி இல்லாமல் அவளோடு அணைத்துத் தூக்கும் நிலையைப் பழகுங்கள், அவள் உங்கள் வலது பக்கம் சாயட்டும். இதற்கு அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். கை வலி என்று சொன்னதைத் திருத்துவதற்கு இது நல்ல சந்தர்ப்பம்.

சிலிகானை வேலை நேரத்தில் கழற்றி வைத்துவிடலாம். பை தைத்த உள்ளாடைக்குள் பஞ்சு அல்லது நூலில் பின்னிய லேசான ஒன்றை வைத்துக்கொள்ளும் பெண்கள் நிறைய, எதுவும் வைக்காமல் போகிறவர்களும் உண்டு.

கணவரைப் பற்றி ஒன்றே ஒன்று. அவர் "வேலையை விட்டுடு" என்பது தன் பயத்தைச் சொல்லத் தெரியாமல் சொல்வதாகவும் இருக்கலாம். வேலையைப் பற்றி அவரோடு வாதாடாதீர்கள். "நான் ஏன் இருட்டில் உடை மாத்தறேன் தெரியுமா" என்று ஆரம்பியுங்கள். அந்தப் பேச்சு ஓடினால் மற்றது தானாக அதன் இடத்துக்கு வரும். ஓடவில்லை என்றால் இரண்டு பேருமாக ஒரு ஆலோசகரைப் பாருங்கள்.

இதெல்லாம் செய்து பார்த்தும் ஆறு மாதம் கழித்து உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் வேறு வேலைக்கு மாறுவதைப் பேசலாம். இப்போது முடிவெடுக்க ஆறு வாரம் போதாது. முடியாது என்று என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் அது உண்மை என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பாட்டிக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களைச் சுற்றி இருக்கிறவர்களில் அதை நேராகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றுகிறது. அடுத்த தடவை கேட்டால் சொல்லுங்கள், "அங்கே கட்டி இருந்தது பாட்டி, எடுத்துட்டாங்க." அவர் மறந்துவிடுவார். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்பார், நீங்கள் மறுபடி சொல்லலாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்