சட்டப்படி செல்லாத திருமணச் சடங்குக்காக வெளிநாட்டுக் கடற்கரை வரை போகலாமா?

பதிவுத் திருமணம் முடித்துவிட்டீர்கள். நெருங்கிய பத்துப் பேரோடு வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றில் அடையாளமாக ஒரு சடங்கு நடத்த ஆசை. சட்ட மதிப்பே இல்லாத ஒன்றுக்கு அவ்வளவு தூரம் போவதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. நானும் என் கணவரும் பாலித் தீவில், ஒன்பது பேர் முன்னிலையில் இப்படித்தான் மணம் செய்துகொண்டோம். எங்களுக்கு அங்கே வேறு வழியும் இல்லை. இந்தோனேசியாவின் 1974-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, மணமக்களின் மத முறைப்படி நடந்தால்தான் திருமணம் செல்லும். நாங்கள் வெவ்வேறு மதத்தினர். அதனால் சொந்த நாட்டில் முதலில் பதிவு செய்துகொண்டு, கடற்கரையை வெறும் சடங்குக்காக வைத்துக்கொண்டோம். இந்த வரிசையைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். தூதரகச் சான்று, மொழிபெயர்ப்பு, முத்திரை என்று எந்தக் கவலையும் இல்லாமல் போய் இறங்கலாம்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். கையெழுத்து இல்லை, அதிகாரி இல்லை. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லும் சொற்கள்தான் அங்கே திருமணம். அவை வந்தவர்கள் எல்லோருடைய காதிலும் விழ வேண்டும். நான் மிகவும் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான்.

என் கணவருடைய குரல் மெல்லியது. சடங்குக்கு முந்தின நாள் பிற்பகல் மணலில் நின்று ஒத்திகை பார்த்தபோது, நான்கு அடி தள்ளி நின்ற அவருடைய அம்மாவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாவதால் கடல்காற்று பிற்பகலில்தான் பலமாக அடிக்கும், வெயில் இறங்க இறங்கத் தணியும். அலைச் சத்தம் மட்டும் தணியாது. ஒலிபெருக்கி வைக்கலாம் என்றார்கள், எனக்கு மனம் வரவில்லை. நாற்காலிகளை எடுத்துவிட்டு எல்லோரையும் எங்களைச் சுற்றி வட்டமாக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கச் சொன்னோம். பத்துப் பேர் மட்டும் என்றால் கிடைக்கிற பெரிய வசதி இதுதான். முன்வரிசை, பின்வரிசை என்ற பேச்சே இருக்காது.

அப்புறம் நேரம். பாலி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் மறைந்து சுமார் 20 நிமிடத்தில் இருட்டிவிடும். சூரியன் மறையும்போது தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள், மறையும்போது முடிந்திருக்க வேண்டும். நாங்கள் முக்கால் மணி நேரம் முன்னதாகத் தொடங்கினோம்.

கடல் ஏற்ற இறக்க நேரங்களையும் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஐந்து நாள் முன்னதாகவே போய்விட்டதால் இது எங்களுக்குக் கண்கூடாகத் தெரிந்தது. போய்ச் சேர்ந்த அன்று மாலையில் அகலமாகக் கிடந்த மணலில் பாதியை, சடங்கு நாளன்று அதே நேரத்தில் தண்ணீர் மூடியிருந்தது. பூ அலங்கார வளைவை மேட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் மேலே வரும். நிலா வெளிச்சத்துக்காகத் தேதி குறிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாதம் பார்ப்பதென்றால், பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு.

சரி, சடங்காக என்னதான் செய்வது? இரண்டு நிற மணலை ஒரே குடுவையில் கொட்டிக் கலப்பது, இருவர் கைகளையும் சேர்த்து நாடாவால் கட்டுவது என்று பல முறைகள் இருக்கின்றன. மணல் முறையைத் தேர்ந்தெடுத்தால் கடற்கரை மணலை நினைவாக எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். இத்தாலியின் சார்டினியா தீவில் 2017 முதல் அதற்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் உண்டு. பலூன் பறக்க விடுவதும் வேண்டாம், கிழிந்து கடலில் விழும் துண்டுகளை ஆமைகள் தின்றுவிடும்.

நாங்கள் மோதிரங்களைக் கை மாற்றும் முறையை எடுத்துக்கொண்டோம். இரண்டு மோதிரங்களையும் ஒரு நூலில் கோத்து வட்டத்தில் அனுப்புவோம். ஒவ்வொருவரும் உள்ளங்கைக்குள் சிறிது நேரம் மூடி வைத்து, மனதுக்குள் வாழ்த்திவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார்கள். என் கணவருடைய அம்மா வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எங்களிடம் வந்தபோது மோதிரங்கள் சூடாக இருந்தன. அந்தச் சூடு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. (வெப்பத்தில் விரல் சற்று வீங்கும். இறுக்கமான மோதிரமாக இருந்தால் முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள்.)

பொதுக் கடற்கரை என்றாலும் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் பறக்கவிட ஆசையிருந்தால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

சொல்லப்போகும் உறுதிமொழியைக் காகிதத்தில் எழுதி, தடித்த அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். கைபேசித் திரை வெயிலில் தெரியாது, தனித் தாள் காற்றில் நிற்காது. முந்தின நாள் அதே இடத்தில் நின்று சத்தமாக ஒருமுறை படித்தும் பாருங்கள். நான் வீட்டில் எழுதியது இரண்டு பக்கம். அலைச் சத்தத்துக்கு மேலே குரலெழுப்பிப் படித்தபோது மூச்சு வாங்கியது. அன்றிரவே உட்கார்ந்து, அவரிடம் சொல்லியே ஆக வேண்டிய ஆறு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிட்டேன்.