முதியோர் இல்லத்தின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்மம்மாவை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஓர் இல்லத்தில் சேர்க்குமுன் எதைப் பார்ப்பது என்பது கேள்வி. தரம் என்றால், தானாக எழும்ப முடியாத ஒருவருக்கு அங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதுதான்.

படுக்கையில் கிடப்பவரை ஏறத்தாழ 2 மணித்தியாலத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் பாரம் அழுத்தி அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறையும். தோல் சிவந்து, பிறகு புண்ணாகும். இதற்கு ஆள் வேண்டும். அதனால் இரவில் எத்தனை பேர் கடமையில் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

மீன் வாங்கும்போது பளபளப்பை நம்பாமல் செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, அதுபோலத்தான் இதுவும். ஒருநாள் சொல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ஊட்டிவிட ஆள் இருக்கிறதா, தண்ணீர் கைக்கெட்டுகிறதா, கால் நகம் வெட்டியிருக்கிறதா (நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்). அப்புறம், பணியாளருக்குத் தமிழ் தெரியுமா? தெரியாவிட்டால் அம்மம்மா தன் வலியை யாரிடம் சொல்வார்?

இல்லத்தின் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். பதிவு இருந்தாலே கவனிப்பும் நன்றாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நேற்றிரவு அவரை யாராவது புரட்டிப் படுக்க வைத்தார்களா என்பதை பதிவுச் சான்றிதழ் சொல்லாது.