கேளுங்கள் சொல்கிறோம்: சொத்து வரியும் வகுப்பறையும்

கேள்வி: அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளிலேயே ஏழைப் பள்ளி, பணக்காரப் பள்ளி என்று உண்டாமே? பணம் கூடினால் படிப்பும் கூடுமா?
– வாசகி, மதுரை

பதில்: உண்டு. அங்கே பள்ளிச் செலவில் கணிசமான பங்கு, அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு குறைந்த இடத்தில் வரியை ஏற்றினாலும் காசு தேறாது. டெக்சாஸில் சான் அன்டோனியோ வட்டாரத்தின் 1967–68 கணக்கைப் பாருங்கள். ஏழைப் பள்ளி வட்டாரமான எட்ஜ்வுட்டில் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி. மாநிலத்தின் பள்ளி நிதித் திட்டத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு போக, மாணவருக்குத் தேறியது 26 டாலர். பணக்கார வட்டாரமான ஆலமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட்தான், தேறியதோ 333 டாலர்! மாநில, மத்திய நிதி சேர்ந்த பிறகும் மாணவருக்கு எட்ஜ்வுட்டில் 356 டாலர், ஆலமோ ஹைட்ஸில் 594 டாலர். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. எங்களைப் பொறுத்தவரை அது பெரிய அநீதி.

படிப்பு கூடுமா என்றால், கூடும். குடும்பச் சூழலே முக்கியம் என்றது 1966இல் அமெரிக்க அரசுக்காகத் தயாரான கோல்மன் அறிக்கை. ஆனால் 2016இல் வெளியான ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ ஆய்வின்படி, 12 ஆண்டும் செலவு 10% கூடினால் பிள்ளைகள் பெரியவர்களானதும் அவர்கள் ஊதியம் சுமார் 7% கூடுகிறது. ஏழைக் குழந்தைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். "12 ஆண்டும்" என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு வருட மானியத்தில் ஆசிரியரை நியமித்தால், மானியம் தீர்ந்ததும் அவரும் போய்விடுவார். வகுப்பு மறுபடி நிரம்பி வழியும்.