அரத்தை எடுக்கும் முன் ஒரு காகிதத் துண்டு

கேள்வி: எங்கள் பஜனை மடத்து இரட்டை ரீடு ஆர்மோனியத்தில், மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஐந்து கட்டை கர்ரென்று இரைகிறது. ஆறு கட்டையில் சுருதி அலைகிறது. நானே சரிசெய்யலாமா?

இரைச்சலை நீங்களே பார்த்துவிடலாம். அது பெரும்பாலும் சுருதிக் கோளாறே இல்லை. ஆர்மோனியத்தில் ஒலி எழுப்புவது ரீடு. பித்தளைத் தகட்டில் வெட்டிய சன்னமான பிளவுக்குள் அதன் நாக்கு ஓரம் படாமல் ஆட வேண்டும். பிளவில் ஒரு தூசி நுழைந்தாலே போதும், இரையும். ரீடு பலகையைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நாக்கின் இரு பக்கமும் முடியிழை போல வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அடைத்திருந்தால் மெல்லிய காகிதத்தைச் செருகி மெதுவாக இழுங்கள். எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுருதி சேர்ப்பது வேறு வேலை. ஆறு கட்டை என்பது 440 ஹெர்ட்ஸ். இரட்டை ரீடு பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு ரீடு; அலைவது அவை இரண்டும் ஒத்துப்போகாததால். ஒன்றின் நாக்குக்கு அடியில் காகிதம் வைத்து அதன் வாயை அடைத்துவிட்டு, மற்றதை மட்டும் வாசித்து, கைபேசி டியூனரில் பாருங்கள். துருத்தியை வழக்கமாக வாசிக்கும் அழுத்தத்திலேயே போடுங்கள். ஓங்கி அழுத்தினால் சுருதி சற்று இறங்கிக் காட்டும்.

எந்த ரீடு விலகியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அரம். நாக்கின் நுனியில் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். ரிவெட் அடித்த அடிப்பக்கம் சுரண்டினால் விறைப்பு குறைந்து இறங்கும். முதன்முதலில் கைவைத்தபோது நான் இதை மாற்றிச் செய்து, அரை மணி நேரம் சுருதியைத் துரத்திக்கொண்டிருந்தேன்! சுரண்டும்போது நாக்குக்கு அடியில் மெல்லிய தகடு கொடுங்கள், இல்லாவிட்டால் வளையும். நீளவாட்டில்தான் சுரண்ட வேண்டும். குறுக்குக் கீறல் பின்னாளில் விரிசலாகும். இரண்டு இழுப்பு போதும். அப்புறம் ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கேளுங்கள், சூடான பித்தளை பொய் சொல்லும்.

நாக்கில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் சுரண்டாதீர்கள். ரீடையே மாற்ற வேண்டியதுதான். அதற்குப் பழுது பார்ப்பவரிடம் பெட்டியோடு போய்விடுங்கள்.