20 லட்சத்துக்கு ஒரே ஒரு நாணயம்: எதை வாங்குவது?

கேள்வி: கோவையில் லேத் பட்டறை நடத்தி, இப்போது அதை விற்றுவிட்டு ஓய்வில் இருக்கிறேன். 30 வருஷமாகப் பழைய நாணயங்கள் சேர்க்கிறேன். எல்லாம் 500, 1000 ரூபாய் சமாச்சாரம். இனிமேல் சில்லறை வேண்டாம், 20 லட்சம் ஒதுக்கி ஒரே ஒரு நல்ல நாணயம் வாங்கலாம் என்று ஆசை. மனதில் நான்கு இருக்கின்றன: சோழர் பொற்காசு, ஜஹாங்கீரின் ராசி மோகர் (மோகர் என்றால் பொன் நாணயம்), 1939 ஒரு ரூபாய், 1835 இரட்டை மோகர். தெரிந்த டீலர் ஒருவர் இரட்டை மோகர் ஒன்றைக் காட்டினார். கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. 18 லட்சம் கேட்கிறார், இந்த வாரத்துக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். எனக்குப் பிறகு இது அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் போகும். வாங்கலாமா?

பதில்: முதலில் அந்தப் பளபளப்பைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் 18 லட்சம் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயம் கொண்டுவந்தது. அப்போது வந்த மோகரில் ஒரு பக்கம் நான்காம் வில்லியத்தின் தலை. பெயருக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணை வழக்கமாக எழுதுகிற மாதிரி எழுதாமல் நான்கு கோடு போட்டிருப்பார்கள். மறுபக்கம் ஒரு மரத்தின் முன்னால் சிங்கம். பனை என்று சொல்கிறார்கள், எனக்கு என்னவோ தென்னை மாதிரிதான் தெரிகிறது. 22 கேரட் தங்கம். ஒற்றை மோகர் 11.66 கிராம், இரட்டை மோகர் 23.32 கிராம். தங்கத்துக்குச் சட்டப்படியான செலாவணி அந்தஸ்து கிடையாது என்று அதே 1835 சட்டம் சொல்லிவிட்டது. ஆகவே வெள்ளி ரூபாயைப் போல இது தெருத்தெருவாகப் புழங்கவில்லை.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. பழைய அச்சுகளை நாணயச்சாலைகள் தூக்கி எறியவில்லை. சேகரிப்பாளர்கள் கேட்டபோதெல்லாம் அவற்றை எடுத்துத் துடைத்து, மெருகேற்றி, மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். இதைத்தான் ரீஸ்ட்ரைக் என்கிறோம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் நடந்த இந்த வேலை 1970 வாக்கில்தான் நின்றது. ஆக, 1835 என்று போட்டிருக்கும் மோகர் உங்கள் வயதைவிடச் சின்னதாகக்கூட இருக்கலாம். போலி என்று சொல்ல முடியாது, அரசாங்க நாணயச்சாலை அடித்ததுதான். ஆனால் விலை வேறு. முதலில் அடித்ததற்கும் பின்னால் அடித்ததற்கும் ஏலத்தில் பெரிய இடைவெளி உண்டு. மெருகேற்றிய அச்சில் அடித்ததால் ரீஸ்ட்ரைக்கின் வெற்றுப் பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கும். இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

பளபளப்பை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நாணயத்தை விளக்குக்கு அடியில் மெல்லச் சாய்த்து, சிங்கத்துக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். முடி மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால், அவை மேடா பள்ளமா என்பதுதான் கேள்வி. அச்சைத் தேய்த்து மெருகேற்றியபோது அச்சில் விழுந்த கீறல், நாணயத்தில் மேடாக வரும். அச்சில் துரு அரித்த குழிகளும் அப்படியே சின்னச் சின்னப் பருக்களாக வரும். நாணயத்தை யாரோ துணி போட்டுத் துடைத்திருந்தால் அந்தக் கோடு பள்ளமாக இருக்கும். முதல் வகை, கிடங்கில் கிடந்த அச்சில் பின்னால் அடித்த ரீஸ்ட்ரைக்கோ என்று சந்தேகப்பட வைக்கும், இரண்டாவது வகை விலையைக் குறைக்கும். லேத்தில் கை பழகிய உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, இரண்டு நாளில் கண் பிடித்துவிடும்.

தங்கம் தானா என்று பார்க்க நகைக்கடை கேரட் மீட்டரே போதும். தண்ணீரில் தொங்கவிட்டு எடை போடலாம்: 11.66 கிராம் மோகர் தண்ணீருக்குள் சுமார் 0.66 கிராம் குறைய வேண்டும். ஆனால் இதில் தேறியதாலேயே அது அசல் நாணயம் ஆகிவிடாது. மோகரின் விலை அதிலுள்ள தங்கத்தைவிடப் பல மடங்கு என்பதால் போலி செய்பவன் நிஜத் தங்கத்திலேயே செய்வான். அப்புறம் இன்னொன்று: பத்தரிடம் கொடுத்தால் பழக்க தோஷத்தில் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். அந்த ஒரு இழுப்பில் லட்சம் போய்விடும்.

சரி, மற்ற மூன்று.

ராசி மோகர் வேண்டாம். ஜஹாங்கீர் 1618 வாக்கில் தொடங்கி மேஷம், ரிஷபம் என்று ராசிச் சின்னங்களைப் போட்டு அடித்த பொன் நாணயங்கள் அவை. அழகில் அதற்கு இணை சொல்வது கஷ்டம். அந்த அழகாலேயே நூற்றாண்டுகளாகப் பார்த்துப் பார்த்துப் போலி செய்திருக்கிறார்கள். போலிக்கே 200 வயது இருக்கும், அதனால் பழசாகத் தெரிவது ஒரு சாட்சியமே ஆகாது. நல்ல நிலையில் உள்ள அசல் 20 லட்சத்துக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

சோழர் காசு மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அதன் பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் 'வயலில் கிடைத்தது' என்ற ஒரு வரிதான். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது: மண்ணில் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். 2020-இல் திருவானைக்காவல் கோயிலில் தோண்டும்போது ஒரு கலயத்தில் 505 பொற்காசுகள் கிடைத்து அதிகாரிகளிடம் போனது நினைவிருக்கும். வயல் கதையோடு வரும் காசை வாங்கினால் கதையையும் சேர்த்து நீங்கள்தான் சுமக்க வேண்டும். பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு வந்த காசு கிடைத்தால் பேசலாம்.

1939 ரூபாய் நல்ல நாணயம். 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி வருஷம் அது. 1940-இல் வெள்ளி பாதியாகிவிட்டது. அதில் இருக்கும் ஆபத்து ஒரே ஒரு இலக்கம். 1938 ரூபாயை எடுத்து 8-ஐச் செதுக்கி 9 ஆக்கிவிடுகிறார்கள். கடைசி இலக்கத்தைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற மூன்று இலக்கங்களைச் சுற்றி இருப்பது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். தரச்சான்று இல்லாமல் இதை வாங்கவே கூடாது.

நான் என்ன வாங்குவேன் என்று கேட்டால், இரட்டையை விட்டுவிட்டு 1835 ஒற்றை மோகர். அதே சிங்கம், அதே மரம். இரட்டை மோகரில் நல்ல ஒரிஜினல் மேடைக்கு வந்தால் பெரிய கைகள் இறங்கிவிடும், நம் 20 லட்சத்துக்கு மிஞ்சுவது குறையுள்ளதாகத்தான் இருக்கும். ஒற்றையில் அதே பணத்துக்கு, தேய்மானம் கிட்டத்தட்ட இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கலாம். விற்கப் போகும் நாளில் நடுத்தர நிலையிலுள்ள பெரிய நாணயத்தைவிட, முதல் தர நிலையிலுள்ள சின்ன நாணயத்துக்குத்தான் ஆள் சீக்கிரம் வருவார்கள்.

நிலை என்று சொல்லும்போது நம் ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டியது காசு மாலை. பொன் நாணயம் என்றால் வளையம் பற்ற வைத்துக் கழுத்தில் போட்ட நாடு இது. நான் இந்தப் பழக்கத்துக்கு வந்த புதிதில் விக்டோரியா மோகர் ஒன்று வாங்கினேன். முகம் அப்படி ஒரு தெளிவு. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்து விளிம்பைப் பார்த்தால், கிரீடத்துக்கு நேர் மேலே, விளிம்பின் வரிகள் ஓர் அரிசி அகலத்துக்கு மழுங்கி இருக்கின்றன. வளையத்தை எடுத்து, அரத்தால் தேய்த்து, வரியைத் திரும்பக் கீறியிருக்கிறார்கள். விற்றவரிடம் போனால், 'அப்போதே பார்த்திருக்கலாமே' என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மூன்றில் ஒரு பங்கு நஷ்டத்தில் கைமாற்றினேன்.

இதற்காகத்தான், நாணயங்களைப் பரிசோதித்துத் தரம் குறிக்கும் என்ஜிசி அல்லது பிசிஜிஎஸ் நிறுவனத்தின் தரச்சான்றோடு, பெட்டியில் அடைத்து வருவதை வாங்குங்கள் என்கிறேன். 70 வரை போகும் அளவுகோலில் 60-க்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாதது. எண் இல்லாமல் 'டீடெய்ல்ஸ்' என்று மட்டும் இருந்தால் துடைத்தது, வளையம் எடுத்தது போல ஏதோ குறை என்று அர்த்தம். பெட்டியிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் ஒப்பிடுங்கள். பெட்டிக்கே போலி வந்துவிட்டது. ரீஸ்ட்ரைக் என்றால் அதையும் பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் பார்க்க வேண்டும்.

ஏலத்தில் எடுப்பதாக இருந்தால் 20 லட்சம் வரை கை தூக்காதீர்கள். 15 லட்சத்துக்கு முடிந்தாலும் 15 சதவீதக் கமிஷன் என்றால் 17.25 லட்சம், அதன் மேல் ஜிஎஸ்டி. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், ஆடிட்டர் கேட்பார்.

மகள் விஷயம்தான் எல்லாவற்றிலும் பெரியது, நீங்கள் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வயதான நாணயம் தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது, பரிசாகக்கூட. 1835 மோகர் உங்கள் மகளுக்குச் சொந்தமாகலாம், ஆனால் இருப்பது இங்கேதான், விற்பதும் இங்கேதான். அவர் கையிலேயே போய்ச் சேர வேண்டும் என்றால் உங்கள் பட்டியலில் 1939 ரூபாய் மட்டும்தான் மிஞ்சும். அதற்கும் 2039 வரைதான் அவகாசம், தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் முன்னதாகவே சான்று வாங்கிக்கொள்வது நல்லது. மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாணயம் வேண்டுமா, அது விற்ற பணம் போதுமா என்று. பணம் போதும் என்றால் மோகர்.

டீலரிடம் நாளைக்கே போய் ஒன்று மட்டும் கேளுங்கள்: 'ஒரிஜினல், ரீஸ்ட்ரைக் இல்லை, தரச்சான்றில் மாறி வந்தால் முழுப் பணமும் திரும்ப' என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடுவாரா? எழுத மாட்டேன் என்றால் வாரக் கெடுவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. எழுதித் தருகிறேன் என்றால், பணம் கொடுக்கும் முன் நாணயத்தின் படங்களை எனக்கு அனுப்புங்கள். இரண்டு பக்கமும், விளிம்பை ஒரு சுற்று முழுக்கவும்.