தனியா ஆடறதுக்கா பிஎஸ்5 வாங்கினீங்க?

கேள்வி: ஆசிரியர் அண்ணே, பிளாக் ஃப்ரைடே தள்ளுபடில பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின்) வாங்கிட்டேன், டிஸ்க் போடற மாடல். எங்க வீட்டுக்கு இதான் முதல் கன்சோல். பையனுக்கு 12 வயசு. டிசம்பர் லீவு முழுக்க அவன் தனியா உக்காந்து யாரையும் தொந்தரவு பண்ணாம ஆடற மாதிரி நாலு நல்ல கேம் சொல்லுங்க. (தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: கேம் அப்புறம் சொல்றேன் தம்பி, அந்த "தனியா"ங்கறத முதல்ல பேசிடுவோம். டர்பன்ல பொறந்து வளர்ந்துட்டு விளையாட்டையும் தனியாவையும் ஒரே வரில எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? துனீங்கற சீட்டாட்டம் ஆடற ஊரு இது! கல்யாண வீடோ கருமாதி வீடோ, ராத்திரி பத்து மணிக்கு மேல கராஜ்ல ஒரு மேசை, நாலு நாற்காலி, எதிரும் புதிருமா ரெண்டு ஜோடி. 24 சீட்டு, ஆளுக்கு ஆறு. ராஜா ராணிக்கெல்லாம் பெரிய மதிப்பு கிடையாது, ராஜா 3, ராணி 2, ஜாக்கிக்குத்தான் 30, அடுத்து ஒன்பதுக்கு 20, மொத்தச் சீட்டையும் கூட்டினா 304. யாழ்ப்பாணத்துல 304னு பேர் வெச்சே ஒரு ஆட்டம் ஆடறாங்க, அதுவும் இதுவும் ஒரே குடும்பம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. ஒருத்தன் "துனீ"ன்னு சொல்லிட்டா ஆறு பிடியும் (நாலு பேரும் ஆளுக்கு ஒரு சீட்டு போட்டு ஜெயிக்கற சுத்து) அவனே எடுத்தாகணும். எதிராளி ஒண்ணு எடுத்தா தோல்வி, சரி. ஆனா எதிர்ல உக்காந்திருக்கற அவனோட சொந்தக் கூட்டாளி கைக்கு ஒரு பிடி போனாலும் தோல்விதான், அதுக்குத் தண்டனை இன்னும் ஜாஸ்தி. அதனால கூட்டாளி என்ன பண்ணுவான்னா தன் கையில இருக்கற பெரிய சீட்ட எப்படா கழிச்சு விடலாம்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டு பார்ப்பான், எதிராளி ரெண்டு பேரும் அவன் மூஞ்சியவே பார்ப்பாங்க, வேடிக்கை பார்க்க வந்த சித்தப்பா பின்னாடி நின்னு இருமுவாரு, இருமினதுக்கு ஒரு சண்டை வரும், அந்தச் சண்டைய அடுத்த வருஷம் காவடி வரைக்கும் பேசுவாங்க. தனியா ஆடறேன்னு ஒருத்தன் அறிவிக்கற ஆட்டத்துக்கே நாலு பேர் வேணும் தம்பி. உங்க பையனுக்கு துனீ தெரியுமா? தெரியலைன்னா இந்த லீவுல கத்துக்கொடுங்க, அதுக்கு ஒரு ராண்டு கூடச் செலவில்ல.

இப்ப கேம். முதல் செலவு ரெண்டாவது கன்ட்ரோலர். பெட்டியில ஒண்ணுதான் வரும். ரெண்டு கேமுக்கு வெச்சிருக்கற காசுல ஒரு கேம வெட்டிட்டு அத வாங்குங்க. மெஷினுக்குள்ளயே ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் இலவசமா இருக்கு, கை பழகறதுக்கு அது போதும். அப்புறம் இட் டேக்ஸ் டூ. 2021ல வந்தது, அந்த வருஷம் கேம் அவார்ட்ஸ்ல முதல் பரிசு. இத ஒத்தை ஆளா ஆடவே முடியாது, அப்படித்தான் கட்டியிருக்காங்க. டைவர்ஸ் வரைக்கும் போன புருஷன் பொண்டாட்டி பொம்மையா மாறிடறாங்க. ஆரம்பத்துல ஒரு கட்டத்துல அவன் கையில ஆணி, அவ கையில சுத்தியல். அவன் ஆணிய எறிஞ்சு சுவத்துல குத்தி நிறுத்தணும், அவ சுத்தியல அந்த ஆணியில மாட்டி ஊஞ்சலாடித் தாண்டணும். அவன் சும்மா நின்னா அவ குழிக்குள்ள. நீங்களும் பையனும் ஆடுங்க, இல்ல உங்க வீட்டம்மாவும் பையனும். குடும்பச் சண்டைக் கதைன்றதால முதல்ல நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் ஆடிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

நாலு பேர் இருந்தா ஓவர்குக்டு. சமையல் குழப்பம், கத்தல், கரிஞ்ச சூப்பு, வீடே ரெண்டாகும். கேப் டவுன் பசங்க பண்ணின புரோஃபோர்ஸ் இருக்கு, அதுவும் நாலு பேர் ஒரே சோஃபாவுல உக்காந்து ஆடறதுதான், நம்ம நாட்டுல செஞ்ச கேம் உலகமெல்லாம் ஓடிச்சுங்கறது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனா ரத்தம் தெறிக்கும், பையன் தூங்கினதும் நீங்களும் மச்சானும் வெச்சுக்கங்க.

ஒரே ஒரு தனியாள் கேம் சொல்றேன், அதையும் தனியா ஆட விடாதீங்க. வெண்பா. 2023ல கனடாவுல நம்ம தமிழ்ப் பசங்க எடுத்தது, மறுவருஷம் பிரிட்டனோட பாஃப்டா விருதுல சிறந்த முதல் படைப்புப் பரிசு வாங்கிச்சு. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழம்மா, அவங்க அம்மாவோட சமையல் நோட்டு, அதுல பாதி எழுத்து அழிஞ்சு போச்சு, மிச்சத்த நாமதான் யோசிச்சு சமைக்கணும். முதல்லயே இட்லி. தட்ட அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா வேகாது, ஓட்டை வழியா ஆவி ஏறற மாதிரி மாத்தி அடுக்கணும். உங்க பையன் முழிப்பான். அப்ப ஆயாவ கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வைங்க, அந்தம்மா திரையப் பார்த்த அடுத்த நிமிஷம் "அட, திருப்பி வைடா"ம்பாங்க. பேரன்கிட்ட தமிழ்ல பேச நம்ம ஊர் ஆயாக்களுக்கு வருஷத்துல எத்தனை வாய்ப்பு வருது சொல்லுங்க? நம்ம பத்திரிகையிலயே உடல்நலப் பக்கம் எழுதற டாக்டரம்மாவுக்கும் எனக்கும் பல வருஷமா நடக்கற சண்டை இதான். கேம் புள்ளைங்கள ஊமையாக்கிடும்னு அவங்க எழுதுவாங்க. பையன ரூமுக்குள்ள தள்ளிக் கதவச் சாத்தறது யாரு? மெஷினா? மெஷின ஹால்ல வைங்க, பெரிய டிவில, எல்லாரும் நடந்து போற இடத்துல.

டிஸ்க் மாடல் வாங்கினது ரொம்ப நல்ல காரியம். டிஸ்க்னா ஆடி முடிச்சு நம்ம டர்பன் ஃபீனிக்ஸ்ல இருக்கற கசின்கிட்ட மாத்திக்கலாம், வித்துடலாம், டவுன்லோடு வாங்கினா அது உங்க அக்கவுன்ட்லயே செத்துக் கெடக்கும். லோட்ஷெடிங், அதான் முறை வெச்சுக் கரண்டு நிறுத்தறது, 2023 அளவுக்கு இப்ப இல்லதான், இருந்தாலும் சேவ் ஆகறப்போ கரண்டு போனா ஃபைல் கெட்டுப்போகலாம், அதனால ராத்திரி ரெஸ்ட் மோடுல (அரைத் தூக்கத்துல) விடாம முழுசா ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

கடைசியா பேங்க் கார்டு. ஃபுட்பால் கேம் எதுவும் வாங்கினீங்கன்னா அதுல பிளேயர் பேக்னு விப்பாங்க, உள்ள யார் இருக்காங்கன்னு தெரியாமலே காசு கட்டணும். இந்த மாதிரி, உள்ள என்னன்னு தெரியாமக் காசு கட்டித் திறக்கற பெட்டிய 2018லயே பெல்ஜியம் சூதாட்டம்னு சொல்லி நிறுத்திடுச்சு, நான் அதே கட்சி. உங்க கார்டு நம்பர மெஷின்ல சேமிக்காதீங்க. பையனுக்குத் தனி அக்கவுன்ட் போட்டு, மாசச் செலவு வரம்ப பூஜ்யத்துல வைங்க, அந்த வசதி செட்டிங்ஸ்லயே இருக்கு. ஏதாவது வாங்கித் தரணும்னா சூப்பர்மார்க்கெட்ல வவுச்சர் விக்குது, அதுல இருக்கற ராண்டுக்கு மேல ஒரு சென்ட் கூட போகாது.